இரண்டு குளோன், ஒரே ஐபி: சர்வர் டெம்ப்ளேட்டை மூடும் முன் எதையெல்லாம் துடைக்க வேண்டும்?

1 · புதுநடவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) ஓட்டும் தளத்தை மாற்றுகிறோம். விஎம்வேரின் வி-ஸ்பியரை விட்டு பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். காரணம் சொல்லத் தேவையில்லை. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திய பிறகு இங்கே பாதிப் பேருக்கு அதே கதைதான்.

பழைய இடத்தில் டெம்ப்ளேட் (நகல்களை, அதாவது குளோன்களை, எடுக்க வைத்திருக்கும் அச்சு விஎம்) வேலை எளிதாக இருந்தது. விஎம்-ஐ டெம்ப்ளேட்டாக மாற்றுவோம், கஸ்டமைசேஷன் ஸ்பெக் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம், பெயர், ஐபி எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பிராக்ஸ்மாக்ஸில் உபுண்டு 24.04 கிளவுட் இமேஜை இறக்கி, விர்ட்-கஸ்டமைஸ் (இமேஜைத் துவக்காமலேயே உள்ளே மாற்றும் கருவி) மூலம் கியூஇஎம்யு கெஸ்ட் ஏஜென்ட்டை மட்டும் சேர்த்து, கிளவுட்-இனிட் (முதல் துவக்கத்தில் பெயர், பயனர், ஐபி எல்லாம் அமைக்கும் நிரல்) டிரைவை மாட்டி டெம்ப்ளேட்டாக்கினேன். குளோன்கள் அழகாக எழுந்து வருகின்றன. ஆனால் டிஹெச்சிபியில் (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) விட்டால் எல்லாக் குளோனுக்கும் ஒரே ஐபி வருகிறது! மேக் முகவரிகள் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்கள்) வெவ்வேறுதான். திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். நெட்வொர்க் பிரிவினர் டிஹெச்சிபி சர்வரில் பழுதில்லை என்று சாதிக்கிறார்கள்.

இதோடு இன்னும் இரண்டு கேள்விகள். விண்டோஸ் சர்வர் 2022-க்கு டெம்ப்ளேட் செய்யும்போது சிஸ்பிரெப் (இயந்திரத்துக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) கட்டாயமா? டெம்ப்ளேட்டுக்குள்ளேயே டேட்டாபேஸ், வெப் சர்வர் எல்லாவற்றையும் போட்டுவைப்பது நல்லதா, வெறும் இயங்குதளத்தோடு நிறுத்துவது நல்லதா?

2 · வேர்ப்பயனர்

நெட்வொர்க் பிரிவினர் சொல்வது சரி. பாவம், அவர்களைத் திட்டாதீர்கள்.

உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளானுக்குப் பின்னால், அதை நடத்தும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இருக்கிறது. அது டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்கும்போது தன் அடையாளமாக மேக் முகவரியைக் கொடுப்பதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து பிறக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. இடிசி கோப்புறையில் மெஷின்-ஐடி என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், 32 எழுத்துகள் இருக்கும். எல்லாக் குளோனிலும் அதே 32 எழுத்துகள் இருந்தால் டிஹெச்சிபி சர்வரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள். ஒரே ஆளுக்கு ஒரே முகவரி கொடுப்பதில் அதன் தவறு என்ன?

டெம்ப்ளேட்டாக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். அடுத்த துவக்கத்தில் ஒவ்வொரு குளோனும் தனக்கெனப் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

3 · புதுநடவு

நன்றி ஐயா. பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றிலும் ஒரே எண். ஆனால் ஒன்று புரியவில்லை. நான் அந்த இமேஜை ஒருமுறைகூட துவக்கவில்லை. இறக்கினேன், விர்ட்-கஸ்டமைஸ் ஓட்டினேன், அவ்வளவுதான். துவங்காத இயந்திரத்துக்கு ஐடி எங்கிருந்து வந்தது?

4 · வேர்ப்பயனர்

விர்ட்-கஸ்டமைஸ்தான் எழுதியது. அது ஓடும்போது திரையில் வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். தொகுப்புகளை நிறுவத் தொடங்கும் முன்பே, ரேண்டம் விதை வைக்கிறேன், மெஷின்-ஐடி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. உபுண்டு தரும் இமேஜில் அது நிரப்பப்படாமல்தான் இருந்தது. உள்ளே கையை விட்ட கருவி நிரப்பிவிட்டது. பலர் இதில் சிக்குவதற்குக் காரணம், "நான் துவக்கவே இல்லையே" என்ற நம்பிக்கைதான்.

ஆகவே வரிசை முக்கியம். நிறுவ வேண்டியதை எல்லாம் நிறுவிய பிறகு, கடைசிப் படியாகக் காலியாக்குங்கள். விர்ட்-கஸ்டமைஸிலேயே கோப்பைக் காலியாக்கும் விருப்பம் இருக்கிறது, அதை இறுதியில் கொடுக்கலாம். அல்லது விர்ட்-சிஸ்பிரெப்பைத் தனியாக ஓட்டலாம். அது மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள் (தொலைவிலிருந்து நுழைபவருக்கு சர்வர் தன்னை நிரூபிக்கும் சாவிகள்), பதிவுக் கோப்புகள், ரேண்டம் விதை, ஷெல் வரலாறு என்று ஒரு பெரிய பட்டியலையே துடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-இன் வட்டில் மட்டும் அதை ஏவிவிடாதீர்கள். வட்டு நாசமாகும்.

காலியாக்குவதும் அழிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோப்பே இல்லையென்றால், லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி அதை "முதல் துவக்கம்" என்று எடுத்துக்கொண்டு, முதல் துவக்கத்துக்கென வைத்திருக்கும் சர்வீஸ்களை எல்லாம் ஓட்டும். காலியான கோப்பு இருந்தால் புது ஐடியை மட்டும் எழுதிவிட்டு வழக்கம்போல் மேலே போகும். டெம்ப்ளேட்டுக்குப் பெரும்பாலும் நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். டிபஸ் கோப்புறையிலும் ஒரு மெஷின்-ஐடி இருக்கும். அது முதல் கோப்பைச் சுட்டும் இணைப்பா, தனிக் கோப்பா என்று பாருங்கள். தனிக் கோப்பாக இருந்தால் இணைப்பாக மாற்றிவிடுங்கள்.

5 · இரவுப்பணி

இவ்வளவு சுற்ற வேண்டுமா? நெட்பிளான் கோப்பில் டிஹெச்சிபி அடையாளமாக மேக்கைப் பயன்படுத்து என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. நாங்கள் வெகு நாட்களாக அப்படித்தான் ஓட்டுகிறோம். ஒரு புகாரும் இல்லை.

6 · வேர்ப்பயனர்

> ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது

ஐபி பிரச்சினை தீரும். அடையாளப் பிரச்சினை அப்படியே இருக்கும். ஐபி மோதியதால் புதுநடவு உடனே கண்டுபிடித்தார், நல்லவேளை. மற்றவை சத்தம் போடாமல் கெடுப்பவை.

ஜர்னல் (சிஸ்டம்டியின் பதிவேடு) பதிவுகள் மெஷின்-ஐடியின் பெயரிலுள்ள கோப்புறையில்தான் சேர்கின்றன. பதிவுகளை மையமாகச் சேகரித்து இந்த ஐடியை வைத்துப் பிரிக்கும் இடத்தில் இரண்டு சர்வர்களின் வரலாறு ஒன்றாகக் கலந்துவிடும். நள்ளிரவில் எது எந்த சர்வரின் பிழை என்று பிரித்துப் பார்ப்பது யார்? எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள் பொதுவாக இருந்தால், ஒரு குளோனில் ரூட் உரிமை பெற்றவர் மற்ற எல்லாக் குளோன்களாகவும் வேடம் போடலாம். கண்காணிப்பு, பாதுகாப்பு ஏஜென்ட்டுகள் இன்னொரு தலைவலி. அவற்றை டெம்ப்ளேட்டுக்குள் நிறுவி, ஒருமுறை ஓடவும் விட்டால், மைய சர்வரில் பதிவுசெய்து ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு குளோன்கள் எல்லாம் அந்த ஒரே பெயரில் வந்து நிற்கும். சால்ட் என்ற சர்வர் நிர்வாகக் கருவியின் ஏஜென்ட்டான மினியனின் ஐடியும் சாவியும் அப்படித்தான். நிறுவுங்கள், ஓட விடாதீர்கள். ரெட்ஹேட் வகை என்றால் சந்தாப் பதிவையும் நீக்கிவிட்டு மூடுங்கள்.

டெபியன் வகையில் இன்னொரு பொறி உண்டு. ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிட்டால் கிளவுட்-இனிட் இல்லாத குளோனில் அவை தாமாக வருவதில்லை, எஸ்எஸ்ஹெச் எழாது. ரெட்ஹேட் வகையில் சாவி இல்லையென்றால் உருவாக்கித் தரும் சர்வீஸ் உடன் வருகிறது. எதை அழிக்கிறோமோ அதை யார் மறுபடி எழுதுவார் என்று தெரிந்துகொண்டுதான் அழிக்க வேண்டும்.

7 · கிடங்குக்காரர்

சேமிப்பகப் பக்கத்திலிருந்து ஒன்று. இந்த இழையில் யாரும் தொடாதது, ஆனால் இருப்பதிலேயே அபாயமானது: ஐஸ்கசி (நெட்வொர்க் வழியாக வட்டை இணைக்கும் முறை) இனிஷியேட்டர் பெயர், அதாவது சேமிப்பகத்திடம் சர்வர் சொல்லும் தன் பெயர்.

இடிசியில் ஐஸ்கசி கோப்புறைக்குள் ஒரு சிறு கோப்பில் அது உட்கார்ந்திருக்கும். இரண்டு குளோன்கள் ஒரே பெயரோடு சேமிப்பகத்திடம் போனால், சேமிப்பகம் அவற்றை ஒரே சர்வராக எண்ணி ஒரே லன்-ஐ (சேமிப்பகம் ஒதுக்கும் வட்டு) இரண்டுக்கும் திறந்துவிடும். எக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு அமைப்பை இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் அது சிதைந்துபோகும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஹோஸ்ட் என்கியூஎன் (அங்கே சர்வரின் பெயர்) கோப்பும் இதே சாதி. டெம்ப்ளேட்டில் இந்தப் பெயர் இருக்கவே கூடாது. முதல் துவக்கத்தில் உருவாக்க வேண்டும்.

வட்டுக்குள் இருக்கும் அடையாளங்களைப் பற்றியும் கொஞ்சம். ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து வந்த குளோன்களில் பார்ட்டிஷன் யுயுஐடி (தனி அடையாள எண்), எல்விஎம் (வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) தொகுதியின் பெயரும் யுயுஐடியும், எக்ஸ்எஃப்எஸ் யுயுஐடி எல்லாம் ஒன்றுதான். அன்றாடம் இதனால் தொல்லை இல்லை, யாரும் மாற்றவும் வேண்டாம். ஒரு குளோன் படுத்துவிட்டு, அதன் வட்டைக் கழற்றி இன்னொரு குளோனில் மாட்டிக் கோப்புகளை மீட்கப் பார்க்கும் நாளில்தான் தெரியும். எல்விஎம் இரட்டை யுயுஐடி என்று முரண்டு பிடிக்கும். எக்ஸ்எஃப்எஸ் மவுண்ட் ஆகவே மறுக்கும். எல்விஎம்முக்கு விஜி-இம்போர்ட்-குளோன் கட்டளை இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு நோ-யுயுஐடி விருப்பத்தோடு மவுண்ட் செய்யலாம். அதைவிட எளிய வழி, மீட்பு வேலைக்கென அந்த டெம்ப்ளேட்டில் பிறக்காத ஒரு விஎம்-ஐ எப்போதும் வைத்திருப்பது. லைவ் ஐஎஸ்ஓ-கூடப் போதும்.

டெம்ப்ளேட்டில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) பார்ட்டிஷனை வட்டின் கடைசியில் வைப்பவர்களுக்கு ஒரு கும்பிடு. குளோனின் வட்டைப் பெரிதாக்கும்போது க்ரோ-பார்ட் கருவி வளர்ப்பது ரூட் பார்ட்டிஷனை. அதற்குப் பின்னால் காலி இடம் இருந்தால்தான் அது வளர முடியும். குறுக்கே ஸ்வாப் உட்கார்ந்திருந்தால் எங்கே போகும்? ரூட் கடைசியில் இருக்கட்டும். ஸ்வாப் வேண்டுமென்றால் கோப்பாக வையுங்கள்.

8 · சன்னலோரம்

புதுநடவின் விண்டோஸ் கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்பிரெப் கட்டாயம். ஜெனரலைஸ், ஊபி (முதல் துவக்க அமைப்புத் திரைகள்), ஷட்டவுன் மூன்றையும் சேர்த்து ஓட்டி, இயந்திரம் அணைந்தபின் அதை மறுபடி துவக்காமல் அப்படியே டெம்ப்ளேட்டாக்குங்கள். ஒருமுறை துவக்கினால் ஊபி நடந்து முடிந்துவிடும். பிறகு அது வெறும் விஎம்.

நான் செய்யும் முறை இது. விண்டோஸ் சர்வரை நிறுவும்போதே விர்ட்ஐஓ (மெய்நிகர் வட்டு, நெட்வொர்க்குக்கான) டிரைவர்களைக் கொடுத்துவிடுவேன். நிறுவல் முடிந்து நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆடிட் நிலைக்குப் போகும். அங்கேயே புதுப்பிப்புகள், கெஸ்ட் ஏஜென்ட், கிளவுட்பேஸ்-இனிட் (விண்டோஸுக்கான கிளவுட்-இனிட்) எல்லாம். டொமைனில் (நிறுவனத்தின் மையக் கணக்கு அமைப்பு) சேர்ப்பதில்லை. இந்த நிலையில் அணைத்து, இதையே மூலமாக வைத்துக்கொள்வேன். சிஸ்பிரெப்பை மூலத்தில் ஓட்டுவதில்லை. மூலத்திலிருந்து முழுக் குளோன் எடுத்து, அந்தக் குளோனில் ஓட்டி, அதைத்தான் டெம்ப்ளேட்டாக்குவேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்குப் பிறகு மூலத்தைத் துவக்கிப் புதுப்பிப்பு, மறுபடி குளோன், மறுபடி சிஸ்பிரெப். விண்டோஸ் 7 காலத்தில் ரீஆர்ம் (உரிமக் கெடுவை மறுபடி தொடங்குவது) மூன்று முறைதான் என்ற பயம் இருந்தது. சர்வர் 2012 முதல் ஓர் இமேஜில் 1001 முறை வரை சிஸ்பிரெப் ஓட்டலாம் என்றாலும், மூலத்தைத் தொடாமல் வைத்திருப்பதில் கிடைக்கும் நிம்மதி தனி.

சிஸ்பிரெப் பாதியில் செத்தால் பெரும்பாலும் காரணம், ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்ட ஏதோ ஒரு ஸ்டோர் செயலி. சிஸ்பிரெப் கோப்புறைக்குள் பாந்தர் என்ற கோப்புறையில் செட்அப்ஆக்ட் பதிவுக் கோப்பு இருக்கும். அது செயலியின் பெயரையே சொல்லும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

9 · பழையபள்ளி

சன்னலோரம் அவர்களே, மன்னிக்கவும். எஸ்ஐடி (விண்டோஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு அடையாள எண்) இரட்டிப்பாவதால் ஒன்றும் ஆகாது என்று மார்க் ருசினோவிச்சே எழுதிவிட்டு, 2009 நவம்பரில் எஸ்ஐடியை மாற்றித் தரும் தன் நியூஎஸ்ஐடி கருவியையே ஓய்வு பெறச் செய்தாரே? எழுதியவர் வெளியாள் அல்ல, மைக்ரோசாஃப்ட்டுக்குள் இருப்பவர். அன்றிலிருந்து எங்கள் இடத்தில் சிஸ்பிரெப் இல்லாமல்தான் குளோன் போகிறது. பெயரை மாற்றுவோம், டொமைனில் சேர்ப்போம், முடிந்தது. பதினாறு வருடமாக வானம் இடிந்து விழவில்லை.

10 · சன்னலோரம்

இடிந்துவிட்டது ஐயா. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த புதுப்பிப்புகளில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2, விண்டோஸ் சர்வர் 2025 ஆகியவை எஸ்ஐடியைச் சோதிக்கத் தொடங்கிவிட்டன. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு இயந்திரங்களுக்கு இடையே கெர்பரோஸ், என்டிஎல்எம் இரண்டு வழி அங்கீகாரமும் தோற்கும். பகிர்ந்த கோப்புறை திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது, கடவுச்சொல் சரியாக இருந்தாலும் தவறு என்று சொல்லும். நிரந்தரத் தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொல்வது, ஆதரிக்கப்படும் முறையில் இயந்திரத்தை மறுபடி கட்டுவது. அதாவது சிஸ்பிரெப்.

ருசினோவிச்சின் கட்டுரையிலும் ஒரு விலக்கு இருந்தது, பலர் அதைப் படிப்பதில்லை. டொமைன் கன்ட்ரோலராக (டொமைனை நடத்தும் சர்வர்) உயர்த்தப்படும் முதல் இயந்திரத்தின் எஸ்ஐடிதான் அந்த டொமைனின் எஸ்ஐடியாகிறது. அதே டெம்ப்ளேட்டிலிருந்து வந்த இன்னொரு குளோன் அந்த டொமைனில் சேரப் போனால், உன் எஸ்ஐடியும் டொமைனின் எஸ்ஐடியும் ஒன்று என்று சொல்லிக் கதவைச் சாத்தும். இது அன்றும் இருந்தது.

எஸ்ஐடியை ஒதுக்கி வைத்தாலும், கேஎம்எஸ் (அலுவலகத்துக்குள் ஓடும் உரிம சர்வர்) மூலம் உரிமம் செயல்படுத்துபவர்கள் சிஸ்பிரெப்பை விட முடியாது. கேஎம்எஸ் ஹோஸ்ட் குறைந்தது 5 சர்வர்களோ 25 கிளையன்ட்களோ கேட்ட பிறகுதான் செயல்படுத்தத் தொடங்கும். அது எண்ணுவது சிஎம்ஐடி என்ற அடையாளத்தை. சிஸ்பிரெப் இல்லாத குளோன்கள் எல்லாம் ஒரே சிஎம்ஐடியோடு போவதால், எட்டு சர்வர்கள் நின்றாலும் எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கும். டபிள்யூசஸ் (விண்டோஸ் புதுப்பிப்புகளை வழங்கும் உள் சர்வர்) பட்டியலில் சர்வர்கள் ஒன்று மாற்றி ஒன்று தோன்றி மறைந்தால் அதுவும் இரட்டை ஐடிதான். அங்கே சஸ்-கிளையன்ட்-ஐடி என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை நீக்கிவிட்டு அப்டேட் சர்வீஸை மறுபடி துவக்குங்கள்.

11 · பழையபள்ளி

சர்வர் 2025 எங்களிடம் இன்னும் இல்லை. அதனால்தான் தெரியாமல் போயிருக்கிறது. எஸ்ஐடி பார்க்கும் சிறு கருவி ஒன்றால் இன்று எல்லா சர்வர்களையும் சரிபார்த்தேன். ஒரே எண் வரிசையாக நிற்கிறது. விண்டோஸ் 11 மேசைக் கணினிகளும் அதே வழியில் வந்தவைதான். இவற்றை இருக்கும் இடத்திலேயே எஸ்ஐடி மாற்றித் தரும் கருவி ஏதாவது உண்டா?

12 · சன்னலோரம்

விற்கிறார்கள். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் நான் கை வைக்க மாட்டேன். மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காத முறை, நாளை வேறு ஏதாவது உடைந்தால் ஆதரவு கேட்கவும் முடியாது. சர்வர் 2022-உம் அதற்கு முந்தையவையும் இப்போதைக்குப் பேசிக்கொண்டே இருக்கும். அவற்றை மாற்றும் காலம் வரும்போது சுத்தமான டெம்ப்ளேட்டில் புதிதாகக் கட்டி வேலையை நகர்த்துங்கள். மேசைக் கணினிகளை முதலில் எடுங்கள், அங்கேதான் வலிக்கும்.

13 · செய்முறைக்காரன்

புதுநடவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். டெம்ப்ளேட்டுக்குள் எவ்வளவு போடுவது?

என் பதில்: டெம்ப்ளேட்டைக் கையால் செய்யவே செய்யாதீர்கள். ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, சொடுக்கிச் சொடுக்கி அழகாக ஒன்றைச் செய்து, "தங்க டெம்ப்ளேட்" என்று பெயரிட்டு வைப்பார். அவர் வேறு வேலைக்குப் போனபின் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, தொடவும் பயம். பழைய கர்னல், பழைய ஓபன்எஸ்எஸ்எல், யாரோ சோதனைக்கு வைத்த பயனர் கணக்கு எல்லாம் ஊறுகாய் மாதிரி உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். புது சர்வர் பிறக்கும்போதே பழைய ஓட்டைகளோடு பிறக்கிறது.

பேக்கர் (டெம்ப்ளேட்டைத் தானாகக் கட்டும் கருவி) பயன்படுத்துங்கள். பிராக்ஸ்மாக்ஸுக்கு ஐஎஸ்ஓவிலிருந்து கட்டுவதற்கு ஒன்று, இருக்கும் டெம்ப்ளேட்டிலிருந்து கட்டுவதற்கு ஒன்று என இரண்டு பில்டர்கள் இருக்கின்றன. எல்லாம் உரைக் கோப்பு, கிட்டில் (மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) வைக்கலாம், யார் எதை எப்போது சேர்த்தார் என்று தெரியும். மாதம் ஒருமுறை தானாக ஓடட்டும். டெம்ப்ளேட்டுக்குள் இயங்குதளம், புதுப்பிப்புகள், கெஸ்ட் ஏஜென்ட், கிளவுட்-இனிட், உங்கள் நிறுவனத்தின் சான்றிதழ், நேர சர்வர் இவை மட்டும். மீதியை ஆன்சிபிள் (சர்வர்களில் மென்பொருளை நிறுவி அமைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். டேட்டாபேஸை டெம்ப்ளேட்டுக்குள் போடுவது கூடவே கூடாது.

பேக்கரின் உரிமம் 2023 ஆகஸ்டில் திறமூலத்திலிருந்து பிஎஸ்எல் என்ற கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாறியது, பிறகு அதை உருவாக்கிய ஹாஷிகார்ப்பை ஐபிஎம் வாங்கியது. சொந்த அலுவலகத்துக்குப் பயன்படுத்துவதற்கு அதனால் தடையில்லை. அது உறுத்தினால் கிளவுட் இமேஜோடு விர்ட்-கஸ்டமைஸ், ஒரு ஷெல் கோப்பு. அதுவும் செய்முறைதான்.

14 · இரவுப்பணி

> டேட்டாபேஸை டெம்ப்ளேட்டுக்குள் போடுவது கூடவே கூடாது

எல்லா இடத்திலும் இணையம் இருக்கிறது என்று நினைத்துச் சொல்லும் பேச்சு இது. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சர்வர் அறைக்கு வெளித்தொடர்பு கிடையாது. தொகுப்புகளின் உள்ளூர்ப் பிரதியை வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். வைத்திருக்கிறோம், இயங்குதளத்துக்கு மட்டும். ஒரு நிரலின் நிறுவல் கோப்பு குறுவட்டில் வந்து, உரிமத்தைக் கையால் தட்ட வேண்டியிருந்தால் ஆன்சிபிள் என்ன செய்யும்? இரவு இரண்டு மணிக்கு உற்பத்தி நின்றால் இருபது நிமிடம் ஆன்சிபிள் ப்ளேபுக் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. எங்களுடையது கனமான டெம்ப்ளேட். குளோன் செய்தால் மூன்று நிமிடத்தில் வேலைக்கு வரும்.

15 · செய்முறைக்காரன்

உங்கள் இடத்துக்கு அது பொருந்தலாம், ஒப்புக்கொள்கிறேன். கனமாக இருப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. கனமான டெம்ப்ளேட்டையும் பேக்கராலேயே கட்டலாமே? அந்தக் குறுவட்டு நிறுவலையும் ஒரு படியாக எழுதிவிடுங்கள். உங்கள் டெம்ப்ளேட் இன்று அழிந்தால் அதே மாதிரி இன்னொன்றை எழுதிவைத்த படிகளிலிருந்து கட்ட முடியுமா? முடியும் என்றால் உள்ளே எவ்வளவு இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

16 · இரவுப்பணி

உரிமச் சாளரத்தைத் தவிர மற்றதெல்லாம் முடியும். அந்த ஒரு படிக்குத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா?

17 · செய்முறைக்காரன்

தாளைப் படம் எடுத்து கிட்டில் போட்டால் எடுத்துக்கொள்கிறேன்.

18 · புதுநடவு

மெஷின்-ஐடி காலியாக்கிப் புதிதாகக் கட்டிவிட்டேன், ஐபிகள் பிரிந்துவிட்டன. அனைவருக்கும் நன்றி. ஆனால் இன்று வேறொன்று. ஓடிக்கொண்டிருந்த ஒரு குளோனுக்கு பிராக்ஸ்மாக்ஸின் கிளவுட்-இனிட் பக்கத்தில் இன்னொருவரின் எஸ்எஸ்ஹெச் சாவியைச் சேர்த்தேன். ரீபூட் செய்த பிறகு அந்த சர்வரில் நுழையப் போனால், ஹோஸ்ட் சாவி மாறியிருக்கிறது, யாரோ நடுவில் இருக்கலாம் என்று பெரிய எச்சரிக்கை. வியர்த்துவிட்டது. யாராவது உள்ளே புகுந்திருப்பார்களா?

19 · வேர்ப்பயனர்

யாரும் புகவில்லை. கிளவுட்-இனிட் ஒவ்வொரு துவக்கத்திலும் இன்ஸ்டன்ஸ்-ஐடியைப் பார்க்கும். அது மாறியிருந்தால் "இது புது இயந்திரம்" என்று எண்ணி முதல் நாள் வேலைகளை மறுபடி செய்யும். ஹோஸ்ட் சாவிகளை அழித்துப் புதிதாக எழுதுவதும் அதில் அடக்கம். பிராக்ஸ்மாக்ஸ் இந்த இன்ஸ்டன்ஸ்-ஐடியை நீங்கள் அந்தப் பக்கத்தில் கொடுக்கும் விவரங்களிலிருந்தே கணக்கிடுகிறது. விவரம் மாறினால் ஐடி மாறும், ஐடி மாறினால் சாவி மாறும்.

குளோன் பிறக்கும் நாளோடு அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். அதன்பின் பயனர்களையும் சாவிகளையும் ஆன்சிபிளிலோ கையாலோ உள்ளிருந்து நிர்வகியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சாவிகளை அழிக்காதே என்று கிளவுட்-இனிட் அமைப்பில் சொல்லிவைக்கலாம். அதை டெம்ப்ளேட்டுக்குள் வைக்காதீர்கள், குளோனுக்குள் வையுங்கள்.

20 · கிடங்குக்காரர்

லிங்க்டு குளோனா, முழுக் குளோனா என்று புதுநடவு சொல்லவில்லை. லிங்க்டு என்றால் சில விஷயங்கள்.

டெம்ப்ளேட்டின் வட்டு படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டு அடித்தளமாக நிற்கும். லிங்க்டு குளோன்கள் தங்கள் மாற்றங்களை மட்டும் எழுதிக்கொள்ளும். நொடிகளில் பிறக்கும், இடமும் மிச்சம். எல்விஎம்-தின், ஜெட்எஃப்எஸ், செஃப், கியூகவ்2 ஆகிய சேமிப்பு வகைகள் எல்லாவற்றிலும் நடக்கும். சாதாரண எல்விஎம்மில் நடக்காது. ஒரு குளோன் உயிரோடு இருக்கும்வரை டெம்ப்ளேட்டை நீக்க பிராக்ஸ்மாக்ஸ் விடாது. அடித்தளம் கெட்டால் மேலே இருப்பவை அனைத்தும் போகும். சோதனைக்கூடம், வகுப்பறை, ஒரு வாரம் வாழும் இயந்திரங்கள் இவற்றுக்கு லிங்க்டு. வருடக்கணக்கில் ஓடப்போகும் சர்வருக்கு முழுக் குளோன்.

மாதம் ஒரு டெம்ப்ளேட் கட்டி எல்லாவற்றிலிருந்தும் லிங்க்டு குளோன் எடுத்துக்கொண்டே போனால், ஒரு வருடத்தில் எதையும் நீக்க முடியாத டெம்ப்ளேட்டுகள் வரிசையாக நிற்கும். மிச்சப்படுத்திய இடம் அங்கேயே போய்விடும்.

21 · பழையபள்ளி

வி-ஸ்பியரில் வைத்திருந்த ஆர்ஹெச்இஎல் (ரெட்ஹேட் லினக்ஸ்) வகை டெம்ப்ளேட் ஒன்றையும் கொண்டுவந்தோம். பிராக்ஸ்மாக்ஸில் துவங்கும்போது ரூட் வட்டைக் காணவில்லை என்று ட்ராகட் அவசர ஷெல்லில் நிற்கிறது. வட்டு என்னவோ பத்திரமாகத்தான் இருக்கிறது. அதே குடும்பத்தின் ராக்கி லினக்ஸ் 9 புதிதாக நிறுவப் பார்த்தால் அது வேறு விதமாக, துவக்கத்திலேயே கர்னல் பேனிக் ஆகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

22 · வேர்ப்பயனர்

தொடர்பில்லை. முதலாவது, இனிட்ராம்-எஃப்எஸ் (துவக்கத்தில் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுதி) பிரச்சினை. அந்தக் குடும்பத்தில் அதைக் கட்டும் ட்ராகட், தான் ஓடும் இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் அதில் வைக்கும். விஎம்வேரில் கட்டியதில் விஎம்வேர் டிரைவர்தான் இருக்கும், விர்ட்ஐஓ இருக்காது. துவக்கப் பட்டியலில் ரெஸ்க்யூ என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்லா டிரைவர்களும் இருப்பதால் அது துவங்கும். உள்ளே போய் ஹோஸ்ட்-ஒன்லி இல்லாமல் ட்ராகட்டை மறுபடி ஓட்டுங்கள். ரெஸ்க்யூ வரியும் இல்லையென்றால் பிராக்ஸ்மாக்ஸில் வட்டுக் கட்டுப்படுத்தியைத் தற்காலிகமாக விஎம்வேர் பிவிஸ்கசி என்று மாற்றித் துவக்கலாம். இன்னும் மாற்றாத இயந்திரங்கள் இருந்தால், விஎம்வேரில் இருக்கும்போதே ட்ராகட்டை ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது, சிபியு வகை. ஆர்ஹெச்இஎல் 9 குடும்பத்துக்கு எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு நிலை வேண்டும், 10-க்கு வி3. உங்கள் விஎம்-இல் கேவிஎம்64 என்று இருக்கும், பழைய பிராக்ஸ்மாக்ஸின் இயல்பு அது. 8-ஆம் பதிப்பிலிருந்து வலைப் பக்கத்தில் புதிதாக உருவாக்கினால் வி2-ஏஇஎஸ் வரும். எல்லா நோடுகளிலும் (பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் சர்வர்கள்) ஒரே சிபியு என்றால் ஹோஸ்ட் என்று வைக்கலாம். கலவையாக இருந்தால் ஹோஸ்ட் வைத்து லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே வேறு நோடுக்கு நகர்த்துவது) செய்யும்போது குளோன் நடுவழியில் விழலாம். டெம்ப்ளேட்டில் எதை வைக்கிறீர்களோ அதுவே எல்லாக் குளோனுக்கும் போகும் என்பதால் இதை முன்பே முடிவு செய்யுங்கள்.

23 · புதுநடவு

நாங்கள் எடுத்தது முழுக் குளோன்தான் கிடங்குக்காரரே, தப்பித்தோம். சன்னலோரம் சொன்னபடி விண்டோஸையும் கட்டினேன், சிஸ்பிரெப் முதல் முறையிலேயே போய்விட்டது. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். ஊபி திரைகள் வராமல் இருக்க விடைக்கோப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் நிர்வாகிக் கடவுச்சொல்லை மறைத்து வைக்கும் விருப்பத்தைப் போட்டிருக்கிறேன். பாதுகாப்புதானே?

24 · சன்னலோரம்

இல்லை. அது வெறும் பேஸ்64. பார்க்கக் குழப்பமாக இருக்கும், அவிழ்க்க ஒரு நொடி போதும். விடைக்கோப்பில் வைக்கும் கடவுச்சொல் தற்காலிகமானதாக இருக்கட்டும். குளோன் எழுந்ததும் முதல் வேலையாக அதை மாற்றும் படியை கிளவுட்பேஸ்-இனிட்டிலோ ஆன்சிபிளிலோ சேருங்கள். டொமைனில் சேரும் சர்வர் என்றால் விண்டோஸ் லாப்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வைத்து, அதைச் சுழற்றவும் செய்யும். சர்வர் 2019 முதல், 2023 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து அது இயங்குதளத்திலேயே இருக்கிறது. சிஸ்பிரெப்புக்குக் கொடுக்க நீங்கள் வைத்த மூல விடைக்கோப்பு எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். டெம்ப்ளேட்டின் வட்டிலேயே இருந்தால் எல்லாக் குளோனிலும் இருக்கும்.